சிறுத்தை முழுங்கின பஞ்சர் அண்ணே

சும்மா இருப்பதற்காக பஞ்சர் அண்ணே பட்ட பாட்டை, இந்த மலைநாட்டில் யாரும் வேலை செய்வதற்காகக்கூடப் பட்டிருக்க மாட்டார்கள்.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். கொட்டகலை பஜாரில் நிற்பேன். என் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவர் டயர் கடை. கடை என்றால் நாலு தகரம், காற்றடிக்கிற மிசின், ஒரு தண்ணீர்த் தொட்டி. டியூப்பைத் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று உண்டு. ஒருநாள் கிளினிக்கில் அந்தப் பேரைக் கூப்பிட்டார்கள். மற்றவர்களோடு சேர்ந்து அவரும் யாரென்று திரும்பிப் பார்த்தார்.

அவர் பிரச்சினை உயரம். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருக்கிற லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீடு; அதைக் கட்டிய வெள்ளைக்காரன் அவரை யோசித்துக் கட்டவில்லை. காம்பரா என்கிற ஒற்றை அறையில் மூலைக்கு மூலை குறுக்கே படுப்பார். மிச்சம் இருக்கிற இரண்டு முக்கோணத்தில் மதினியும் பிள்ளைகளும் படுப்பார்கள். அப்படியும் கால் இரண்டும் வாசலைத் தாண்டி வெளியே கிடக்கும். விடியக்காலை பெரட்டுக்கு, அதுதான் கங்காணி வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போகிறவர்கள் தாண்டித்தான் போவார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் ஒருத்தி, இருட்டில் விறகு என்று நினைத்து ஒரு காலைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"தம்பி, ஒரே ஒரு நாளாவது நீட்டிப் படுக்கணும்டா," என்பார் என்னிடம். வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஆறு ஒரு வளைவு வளைந்து கொத்மலைப் பக்கம் இறங்கும். அந்த வளைவுக்குள்ளே ஒரு புல்தரை. தோட்டத்துக்குச் சொந்தமில்லை. தனி ஆளுக்கும் சொந்தமில்லை. அரசாங்கத்தின் ஆற்றோர நிலம், பொது இடம். பெண்கள் துணி துவைப்பார்கள். மாடு மேயும். ஒருமுறை கொழும்புப் பொடியன்கள் சிலர் அங்கே டெண்ட் அடித்துப் படுத்தார்கள். மழை வந்து டெண்டைக் கிழித்தது. போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

பஞ்சர் அண்ணே அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். மஞ்சள் டெண்ட். எங்கே கிழிந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம் அல்லவா? பார்க்க மாட்டார். தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடினார். டியூப் ரப்பரை வட்ட வட்டமாக வெட்டி, சூடு வைத்து ஒட்டினார். மஞ்சள் துணி முழுக்கக் கறுப்பு வட்டம்.

சனிக்கிழமை பின்னேரம் டெண்டைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனார்.

ஞாயிறு விடிந்ததும் தோட்டத்துக் காவல்காரர் லயத்துக்கு ஓடி வந்தார். வேட்டி ஒரு கையில்.

"சிறுத்தை! ஆத்தோரத்துல சிறுத்தை படுத்துக் கெடக்கு! ஆள முழுங்கிருச்சு! காலு மட்டும் வெளிய கெடக்கு!"

லயம் முழுக்கக் கதவு சாத்தியது. கங்காணி மாமா தப்பு மேளத்தை எடுத்தார். அவர் ஓய்வு பெற்ற கங்காணி. வேலை போனாலும் குரல் போகவில்லை. அவர் தப்பு அடிக்க, நாங்கள் கத்தி, கம்பு, கையில் கிடைத்ததோடு இறங்கினோம். நான் வீல் கழற்றுகிற சாவியோடு போனேன். மேலே நின்று பார்த்தோம். மஞ்சள் உடம்பு. கறுப்பு வட்டம். காற்றுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஏறி ஏறி இறங்குகிறது. வாய்ப் பக்கம் இரண்டு கால்.

எல்லாரும் கம்பை முன்னால் நீட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தோம். மதினி மட்டும் முன்னால் போனார். காலைப் பார்த்தார்.

"அடிக்காதீங்க. அது எங்க வீட்டுக் காலு."

"நல்லாப் பாத்துச் சொல்லு ஆயி!" என்றார் கங்காணி மாமா.

"தெனம் தாண்டுற கால எனக்குத் தெரியாதா? சிறுத்தையால கூட இத முழுசா முழுங்க முடியல பாருங்க."

டெண்டுக்குள் இருந்து குரல் வந்தது. "ஏன்டா தப்படிக்கிறீங்க? இன்னைக்கு ஞாயித்துக்கெழம!"

அன்று முழுக்க சிரிப்பு. நான் அவரைத் தனியாகக் கேட்டேன். "டெண்டுலயும் காலு வெளியதானே கெடக்கு அண்ணே? அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"அங்க வெளிய நீட்டுனா ஆளு மிதிக்கும். இங்க காத்துதான் மிதிக்கும்," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் ஆறுதான். மீன் பிடிக்க மாட்டார். குடிக்க மாட்டார். படுத்திருப்பார். "என்னண்ணே செய்வீங்க?" என்றால், "சும்மா இருப்பேன்," என்பார். திங்கட்கிழமை கடைக்கு வரும்போது முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம்தான் அந்த ஆள்கள் வந்தார்கள். வெளியூர் கம்பனி. புல்தரையை நாடா பிடித்து அளந்தார்கள். சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டார்கள். சுற்றிக் கம்பிவேலி வருமாம். உள்ளே பெரிய பெரிய டெண்ட், கட்டில் மெத்தை, சுடுதண்ணி. வெளிநாட்டுக்காரர்கள் வந்து படுப்பார்களாம். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாமாம்.

பஞ்சர் அண்ணே கடையை மூடினார். என் ஆட்டோவில் ஏறினார். அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். அங்கே நிலம் பார்க்கிற அதிகாரி ஒரு மிஸ். சிங்களவர். தமிழ் மெதுவாக, சுத்தமாகப் பேசினார்.

"அது பொது இடம்தான். ஆனா ஒருத்தரும் பாவிக்கிறதில்லை, காடாகக் கிடக்குதுன்னு சொல்லியிருக்காங்க. அதனாலதான் குடுக்க யோசிக்கிறாங்க."

"நான் பாவிக்கிறேன் மிஸ்."

"எதுக்கு?"

"சும்மா இருக்க."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க ஓராள். சனம் பாவிக்கணும். சந்தோசத்துக்கு சனம் வந்து போற இடம்னா, குடுக்க வேண்டாம்னு நான் சொல்லலாம். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில வந்து என் கண்ணால பாக்கிறேன்."

திரும்பி வந்தோம். பஜார் வந்தது. பஞ்சர் அண்ணே இறங்கவில்லை.

"தம்பி, லயத்தையே எறக்கணும்டா."

"எங்க?"

"ஆத்துக்கு."

வேலை சுலபம் என்று நினைத்தார். இல்லை. கோயில் திருவிழா என்றால் வருவார்கள். சாவு என்றால் வருவார்கள். கூட்டம் என்றால் திட்டிக்கொண்டே வருவார்கள். காரணமே இல்லாமல் வா என்றால் பயந்துவிட்டார்கள்.

"வீடு இருக்கயில ஏன்டா வெளிய படுக்கணும்?" என்றார் கங்காணி மாமா.

"சும்மா மாமா. சந்தோசமா இருக்க."

"சந்தோசமா இருக்கிறதுக்கு எத்தன மணிக்குப் பெரட்டு?"

"பெரட்டெல்லாம் இல்ல மாமா!"

"பெரட்டு இல்லாம யாரு வந்தா, யாரு வரலைன்னு எப்பிடிடா தெரியும்?"

மதினி அதைவிட மோசம். கொழுந்து பறிக்கிறவர். கை நின்று நான் பார்த்ததில்லை. "தொவைக்க ஆத்துக்குப் போவேன். வெறகு பொறுக்கப் போவேன். சும்மா குந்தியிருக்கப் போனா சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அதுக்குத்தானே கூப்புடுறேன்!"

வேலியைப் பற்றிச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். கோழி அடிக்கிறேன் என்றார். லயம் இறங்கியது.

அந்தச் சனிக்கிழமையை எப்படிச் சொல்வது! என் ஆட்டோ ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எஞ்சின் கொதித்தது. சட்டி, பானை, கம்பளி, ஆடு ஒன்று. அந்த ஆடு ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியாது. டெண்டுக்குத் துணி ஏது? உரச் சாக்கு வந்தது. நீல பிளாஸ்டிக் வந்தது. கொழுந்து பறிக்கப் போகும்போது பெண்கள் இடுப்பில் சுற்றுவார்களே படங்கு, அதையெல்லாம் சேர்த்துத் தைத்தார் பஞ்சர் அண்ணே; மதினி மட்டும் தன்னுடையதை அவிழ்க்கவில்லை. கடையில் இருந்த லொறி டியூப் அத்தனைக்கும் காற்றடித்து ஆற்றில் போட்டார். வளைவில் தண்ணீர் இடுப்பளவுதான். பிள்ளைகள் விழுந்து புரண்டார்கள்.

டெண்டை எங்கே அடிப்பது என்பதில் கறாராக இருந்தார். ஒன்று ஆற்றைப் பார்த்தது. ஒன்று மலையைப் பார்த்தது. ஒன்று மரத்தைப் பார்த்தது. ஒன்றுக்கு ஒன்று தூரம்.

"ஒருத்தர் வாசல ஒருத்தர் பாக்கக் கூடாது. ஒருத்தர் செவுத்துல ஒருத்தர் சாயக் கூடாது. லயத்த விட்டு வந்திருக்கோம். ஞாபகம் வச்சிக்கிருங்க!"

பெரியவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மதினி ஐந்து நிமிசம் உட்கார்ந்தார். அப்புறம் புல் பிடுங்க ஆரம்பித்தார். கங்காணி மாமா பின்னால் போய் நின்றார். "அந்தா, அந்தப் பக்கம் விட்டுட்ட." இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். பஞ்சர் அண்ணே தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து களைப்பிடுங்கலை நிறுத்தினார்.

கோழிக் குழம்பு வெந்தது. மழையும் வந்தது. அட்டையும் வந்தது. எல்லாரும் அவரவர் டெண்டுக்குள் போனார்கள். நான் ஆட்டோவுக்குள் படுத்துத் தூங்கிவிட்டேன்.

விடிந்தபோது பஞ்சர் அண்ணே போட்ட சத்தத்தில் எழுந்தேன்.

"லயத்தக் கட்டிப்புட்டீங்களேடா!"

பார்த்தேன். சிதறி இருந்த டெண்டெல்லாம் ஒரே வரிசை. ஒன்றோடு ஒன்று ஒட்டி. எல்லா வாசலும் ஒரே பக்கம். எல்லா வாசலுக்கு முன்னாலும் ஓர் அடுப்பு. கடைசியில் தண்ணீர் பீப்பா. நூல் பிடித்த மாதிரி.

"என்ன செய்றது?" என்றார் கங்காணி மாமா. "பக்கத்து வீட்டுக் கொறட்ட கேக்காம ஒருத்தருக்கும் தூக்கம் வரல. ஒவ்வொருத்தரா நவுந்து வந்துட்டாங்க."

அவராவது பேசாமல் இருந்தாரா? பழக்கதோசம். விடிந்ததும் பெரட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். சனம் அரைத் தூக்கத்தில் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நனைந்த தலையோடு வரிசையாக நின்றது.

அந்த நேரம் பார்த்து மேல் ரோட்டில் முதல் பஸ் போனது.

பஸ்ஸில் இருந்தவர்கள் கீழே பார்த்தார்கள். மழை பெய்த ராத்திரி. ஆற்றோரத்தில் சாக்குக் கூடாரம். லயத்துச் சனம் நனைந்து நிற்கிறது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மண் சரிந்துவிட்டது. போன் பறந்தது. பஸ் பஜாருக்குப் போவதற்கு முன்னால் செய்தி போய்விட்டது.

முதலில் வந்தது பஜார் மளிகைக்கடை முதலாளியின் வேன். நல்ல மனுசர். திருநீறு பூச நேரமில்லாமல் ஓடி வந்திருந்தார். கூடை கூடையாகப் பாண் ரொட்டி, கட்டுக் கட்டாகப் பாய். கண்ணில் தண்ணீர்.

"எத்தன பேருய்யா போயிட்டாங்க?"

"எங்கயும் போகல முதலாளி. எல்லாரும் இங்கதான் நிக்கிறோம்," என்றார் கங்காணி மாமா. சொல்லிக்கொண்டே ஒரு பாயை வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டார்.

பஞ்சர் அண்ணே பாய்ந்து வந்து அந்தப் பாயைப் பிடுங்கினார். "குடுங்க மாமா! இத வாங்குனா நாம சரிஞ்சு வந்த ஆளுக ஆயிருவோம்! வேலி வந்துரும்!"

"மனுசன் அழுதுகிட்டே குடுக்குறாருடா! வாங்கலேன்னா மரியாத இல்ல!"

ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். பாய் கிழிந்தது. அப்போதுதான் ஜீப் வந்தது. மிஸ் இறங்கினார். அவர் எட்டு மணி போல் சாவகாசமாக வர இருந்தவர். சேதி கேட்டுத் தலைகூட வாராமல் வந்திருந்தார்.

"எந்த லயம் சரிஞ்சது?"

"எதுவும் சரியல மிஸ்," என்றார் பஞ்சர் அண்ணே.

"அப்ப ஏன் எல்லாரும் இங்க?"

"சும்மா மிஸ்."

மிஸ் நம்பவில்லை. பஞ்சர் அண்ணே சிங்களத்திலும் சொல்லிப் பார்த்தார். "நிக்கங் மிஸ்! நிக்கங்!" சும்மா என்பதற்குச் சிங்களத்தில் அதுதான்.

மிஸ் அவர் தோளைத் தொட்டார். "பயப்படாம சொல்லுங்க. தோட்டத்துல ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எல்லாரையும் ஸ்கூலுக்குக் கொண்டுபோறோம். ஆறு பெருகினா இந்த இடம் அபாயம். இனி ஒருத்தரும் இங்க வரக் கூடாது."

"மிஸ், நீங்கதானே பாக்க வர்றேன்னீங்க? சனம் சந்தோசத்துக்கு வருதான்னு? வந்திருக்காங்க. பாருங்க!"

மிஸ் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். கட்டின கை. குனிந்த தலை. தோட்டத்துத் தொரை முன்னால் நிற்பது போல வரிசை. ஒருத்தர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆடு மட்டும் எங்கேயோ கத்தியது.

"இதா சந்தோசம்?" என்றார் மிஸ். கேலியாகக் கேட்கவில்லை. பாவமாகத்தான் கேட்டார்.

பஞ்சர் அண்ணே சனத்தைப் பார்த்துக் கத்தினார். "சிரிங்கப்பா! சந்தோசமா இருங்க! கொஞ்சமாவது இருங்க!"

சனம் ஒன்றை ஒன்று பார்த்தது. "எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார் கங்காணி மாமா.

பஞ்சர் அண்ணேயின் கை கீழே விழுந்தது. அவ்வளவு உயரமான மனுசன் அப்படிக் குட்டையாகி நான் பார்த்ததில்லை. டியூப்பில் காற்று இறங்குகிற மாதிரி. மெதுவாகத் திரும்பினார். தன் டெண்டின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

வரிசையில் இருந்து மதினி வெளியே வந்தார். இடுப்பில் இருந்த படங்கை அவிழ்த்தார். மடித்தார். எங்கே வைப்பது என்று பார்த்தார். மிஸ் கையில் கொடுத்தார். மிஸ்ஸும் வாங்கிக்கொண்டார். மதினி நேரே ஆற்றுக்குப் போனார். ஒரு லொறி டியூப்பைப் பிடித்தார். சேலையோடு, செருப்போடு, தொப்பென்று அதன்மேல் உட்கார்ந்தார்.

டியூப் சுற்றியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மதினி அலறிய அலறல் தேயிலை மலையில் முட்டித் திரும்பி வந்தது.

"ஐயோ பாக்கியம்!" பஞ்சர் அண்ணே கயிற்றைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். அந்த நீளக் காலுக்கு ஆற்றுக்குப் போக நாலே எட்டு. போய் டியூப்பைப் பிடித்தார்.

"தொடாதீங்க!" என்றார் மதினி. "விடுங்க! இன்னொரு சுத்து!"

அலறல் இல்லை அது. சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரிப்பார் என்று லயத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. பஞ்சர் அண்ணே வாயைத் திறந்தபடி நின்றார். மதினி இரண்டு கையாலும் அவர் முகத்தில் தண்ணீரை அடித்தார்.

வரிசை உடைந்தது.

எப்படி உடைந்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் முதலில் விழுந்தார்கள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள். கங்காணி மாமா சாரத்தை மடித்துக் கட்டி, "வழி! வழி!" என்று கத்திக்கொண்டே குதித்தார். டியூப்புக்குச் சண்டை வந்தது. அவரே தண்ணீரில் நின்றபடி பேர் கூப்பிட்டார். "அடுத்தது முனியம்மா! முனியம்மா எறங்கு, ஒன் மொறை முடிஞ்சிச்சு!" ஆற்றுக்குள் பெரட்டு! முதலாளி கூடையைக் கீழே வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். சட்டையைக் கழற்றினார்.

மிஸ் கரைக்கு வந்தார். படங்கு தோளில் கிடந்தது. அப்புறம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டார். நான் ஒரு தட்டில் பாணும் நேற்றைய கோழிக் குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இது நிவாரணமா?" என்றார்.

"இல்ல மிஸ். காலச் சாப்பாடு."

சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். போகும்போது சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றைப் பிடுங்கி ஜீப்பில் போட்டுக்கொண்டார்.

வேலி வரவில்லை. பலகை ஒன்று வந்தது. பொது இடம், குப்பை போடாதீர்கள் என்று மூன்று பாசையில். அந்தக் கம்பனி வேறு இடம் தேடிப் போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆற்றோரத்தில் திருவிழாக் கூட்டம். பட்டிப்பொலயில் இருந்துகூட ரயிலேறி வருகிறார்கள். பஞ்சர் அண்ணேக்குத்தான் கோபம். "சும்மா இருக்க எடமே இல்லாமப் பண்ணிட்டானுங்க," என்று என்னிடம் திட்டுவார்.

நான் மதினியை ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு அவ்வளவு சந்தோசமா மதினி?"

"எங்க தம்பி? தண்ணின்னா எனக்குப் பயம். அந்த மனுசன் டெண்ட அவுக்கிற மூஞ்சியப் பாத்தேன். அது தண்ணிய விடப் பயமா இருந்துச்சு. போய் ஏறிட்டேன். ஏறுன பொறகுதான் சிரிப்பு வந்துச்சு."

இப்போதும் சனிக்கிழமை பின்னேரம் ஹயர் கிடைத்தால் மேல் ரோட்டு வழியாகத்தான் போவேன். வளைவில் நிறுத்துவேன். கீழே மஞ்சளும் கறுப்புமாகத் தெரியும். ஆட்டோவில் இருக்கிறவர்கள், "அது என்ன?" என்று கேட்பார்கள். "சிறுத்தை. ஆள முழுங்கிருச்சு. வருசமாச்சு, இன்னும் செமிக்கல," என்பேன்.

இரண்டு தடவை ஹாரன் அடிப்பேன். கீழே கால் இரண்டும் ஆடும். அப்புறம்தான் கியரைப் போடுவேன்.

மழை நாளில் கால் ஆடக் கொஞ்சம் நேரமாகும். நிற்பேன்.